மேற்கட்டுப் பசளை

எங்கள் அரை ஏக்கர் சோளத்துக்கு எவ்வளவு யூரியா போடவேண்டும் என்று முடிவெடுத்தது நான்தான். சோளம் வெளுத்துக் கருகி நின்ற அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி ஊரில் பலவிதமாகக் கதைத்தார்கள். கடைக்காரர் பழைய யூரியாவைத் தள்ளிவிட்டார் என்றார்கள். கடற்காற்றின் உப்பு என்றார்கள். கண்ணூறு என்றும் ஒருவர் சொன்னாராம். நான் அவர்களில் ஒருவரையும் திருத்தவில்லை. அதனால் இங்கே முதலிலேயே எழுதிவிடுகிறேன். அளவு என்னுடையது. அதைச் சொன்ன வார்த்தையும் என்னுடையது.

எங்கள் வீடு முசலிக் கரையில், கடலில் இருந்து சைக்கிளில் பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறது. வாப்பா மீன் பிடிக்கிறவர். உம்மா கருவாட்டு வாடியில் வேலை செய்கிறவர். மீனை வகிர்ந்து, செவுளுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் உப்பைத் திணித்து, வெயிலில் பரப்புகிற வேலை. எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அவருடைய விரலிடுக்குகள் ஆறியதே இல்லை. நோன்பு மாதத்தில் வாடி மூடியிருக்கும்போது கொஞ்சம் காயும். பெருநாள் முடிந்து இரண்டாம் நாள் மறுபடி வெடிக்கும்.

காணி வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்தில் இருந்து ஊர் திரும்பிய பிறகு பற்றை வெட்டி எடுத்த நிலம். வாப்பா அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறதில்லை. "கடலுக்கு ஆரு பசளை போட்டது? அது தன்ரபாட்டில தருது" என்பார். சோளம் போடவேண்டும் என்று சொன்னது உம்மா. கோழித்தீனுக்குச் சோளம் எடுக்கிற லொறி முருங்கன் வரைக்கும் வரத் தொடங்கியிருந்தது. ஒரு போகம் சரியாக வந்தால் வாடிக்குப் போகத் தேவையில்லை என்பது அவருடைய எண்ணம். அதை அவர் ஒரேயொரு தடவைதான் சொன்னார், விதை வாங்கிய அன்று.

"இது சரிவந்தா மகள், நான் இனி உப்புல கை வைக்கிறேல்ல."

இரண்டு பக்கத்துக் குடும்பத்திலும் பள்ளிக்கூடம் போய்ப் படித்தது நான் ஒருத்திதான். உம்மா ஓதப் படித்தவர், ஆனால் தமிழ் எழுத்துத் தெரியாது. வாப்பா கையெழுத்து மட்டும் போடுவார். நான் உயர்தரம் பாஸ் பண்ணி, விவசாயத்தில் டிப்ளோமா முடித்து, மன்னார் டவுனில் ஒரு கந்தோரில் வேலை செய்கிறேன். கிழமை நாட்களில் அங்கே ஓர் அறையில் தங்கியிருப்பேன். எனக்கு இதில் பெருமை இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. அதை மறைத்து எழுதினால் நடந்தது விளங்காது.

மழை தொடங்கியதும் விதைத்தோம். அன்று நான் லீவு எடுத்து நின்றேன். அடியில் போடவேண்டிய பசளையை என் கையாலேயே சாலில் போட்டு மண்ணால் மூடினேன். உம்மாவும் சாச்சியும் பின்னால் விதை இட்டுக்கொண்டு வந்தார்கள். சாச்சி உம்மாவின் தங்கை, பக்கத்து வளவு. உம்மாவை ராத்தா என்பார். மயில் கிளறியது போக மிச்சம் நன்றாக முளைத்தது. நாலாம் கிழமை வந்தபோது பயிர் முழங்காலளவு நின்றது. அடுத்த பசளைக்கு அதுதான் நேரம்.

கணக்கு எனக்கு விருப்பமான வேலை. கையேட்டில் ஹெக்டேயருக்கு இத்தனை கிலோ நைதரசன் என்று போட்டிருக்கும். ஆனால் ஆட்கள் கடையில் வாங்குவது நைதரசன் அல்ல, யூரியா. நூறு கிலோ யூரியாவில் நாற்பத்தாறு கிலோதான் நைதரசன். இது தெரியாமல் கையேட்டில் உள்ள எண்ணை அப்படியே யூரியா என்று எடுத்தால் பயிர் அரைப் பசியில் நிற்கும். ஹெக்டேயரை ஏக்கர் என்று எடுத்தாலோ இரண்டரை மடங்கு கூடிப்போகும். நான் இரண்டிலும் விழவில்லை. அடியில் போட்டதைக் கழித்து, அரை ஏக்கருக்குக் கொண்டுவந்து, ஒரு மூட்டை என்று முடித்தேன். ஐம்பது கிலோ.

அதோடும் விடவில்லை. எங்கள் மண் மணல் மண். ஒரு பெருமழை பெய்தால் போட்டதெல்லாம் கரைந்து வேருக்குக் கீழே போய்விடும். எனவே மூட்டையை இரண்டாகப் பிரித்தேன். நாலாம் கிழமை அரை மூட்டை, ஆறாம் கிழமை மிச்ச அரை. வரிசைக்கு வரிசை இரண்டடி, கன்றுக்குக் கன்று ஓரடி. அரை ஏக்கரில் கிட்டத்தட்டப் பதினோராயிரம் கன்று. ஒரு கன்றுக்கு இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேலே.

இரண்டு கிராமை உம்மா எதால் அளப்பது? அதற்கும் நான் வழி வைத்திருந்தேன். சனிக்கிழமை பசளைக் கடைக்கு ஒரு சோடாப் போத்தல் மூடியைக் கொண்டுபோனேன்.

"ரெண்டு மூட்டையாக் கொண்டுபோங்கோ தங்கச்சி" என்றார் கடைக்காரர். "பசளை கண்ணாலயும் காணாத காலம் மறந்துபோச்சே? போட்டுவிட்டா இலை கரும்பச்சையாக் கறுத்துக்கொண்டு வரும்."

"ஒண்டு போதும்."

"ஆற்ற சோளம்?"

"உம்மான்ர."

"உம்மாவோ ஒண்டு எண்டு சொன்னவ?"

"நான் சொல்லுறன்."

அவர் மூட்டையை இறக்கினார். நான் மூடியை எடுத்து நீட்டி, இதால் பத்து மூடி யூரியா நிறுத்துத் தாங்கோ என்றேன். அவர் மூடியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"யூரியாவ மூடியில நிறுக்கச் சொன்ன முதல் ஆள் நீங்கதான். நகைக்கடைக்கெல்லோ போயிருக்கவேணும்."

கடையில் நின்ற மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருக்கவில்லை. பத்து மூடி நாற்பத்தாறு கிராம் வந்தது. அப்படியென்றால் கன்றுக்கு அரை மூடி. வீட்டுக்கு வந்து மூடியின் உள்ளே பேனையால் ஒரு கோடு இழுத்து உம்மாவிடம் கொடுத்தேன். இந்தக் கோடு மட்டும், ஒரு கன்றுக்கு ஒரு தரம் என்றேன். அவர் அந்த மூடியைத் தன் மருந்து வைக்கிற பேணிக்குள் பத்திரமாகப் போட்டு வைத்தார்.

திங்கள் காலை நான் மன்னாருக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது உம்மா போன் எடுத்தார். பக்கத்துச் சீட்டில் என்னோடு வேலை செய்கிறவர் இருந்தார்.

"மகள், அரை மூடி விளங்கிச்சு. அதை என்னண்டு போடுறது?"

"மேற்கட்டாப் போடுங்கோ உம்மா."

"மேற்கட்டா?"

"ஓம். அண்டைக்கு நான் போட்டது அடிக்கட்டுப் பசளை. இது மேற்கட்டுப் பசளை."

"சரி மகள். வேலையப் பார்."

அவ்வளவுதான் கதைத்தோம். கன்றில் இருந்து நாலு விரல் தள்ளி மண்ணில் போட்டு மூடுங்கோ என்று சொல்லியிருந்தால் கால் நிமிடம் கூடப் போயிருக்கும். புத்தகத்தில் இரண்டாம் தரம் போடுகிற பசளைக்கு மேற்கட்டு என்றுதான் பெயர். பரீட்சையில் எத்தனையோ தரம் எழுதிய சொல். பஸ்ஸுக்குள் பக்கத்தில் ஆள் இருக்க அந்தச் சொல்லைச் சொல்லுவது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் எழுதவேண்டும்.

அந்தக் கிழமை மழை இல்லை. பனி மட்டும் கொட்டியது. வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் பஸ்ஸால் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் பின்வேலிப் பக்கமாகக் காணிக்குப் போனேன். கறுத்துக்கொண்டு நிற்கும் என்று நினைத்துத்தான் போனேன். படம் எடுத்துக் கடைக்காரருக்குக் காட்டலாம் என்றுகூட நினைத்தேன்.

வேலியடியில் நின்றபடியே கண்டேன். அரை ஏக்கரின் உச்சி முழுவதும் வெளுத்திருந்தது. யாரோ மேலிருந்து சுடுதண்ணீரை ஊற்றிவிட்டுப் போனதுபோல் இருந்தது. நடு இலைகள் கடதாசி மாதிரி வெள்ளையாகி, நுனி பழுப்பாகி, ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டு தொங்கின. தோளில் தொங்கிய பையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

முதலில் வந்த நினைப்பு, எங்கேயோ பத்தால் பெருக்கிவிட்டேன் என்பது. வரம்பில் குந்தி இருந்து, போனில் கணக்கைத் திரும்பப் போட்டேன். சரியாக வந்தது. ஹெக்டேயர், ஏக்கர், நாற்பத்தாறு, ஐம்பது, பதினோராயிரம். இரண்டாம் தரம் போட்டேன். மூன்றாம் தரமும் போட்டேன். அதே எண்தான் வந்தது. எண் சரியாக இருக்கிறது, எதிரே பயிர் கருகி நிற்கிறது. இந்த இரண்டும் ஒரே இடத்தில் எப்படி இருக்கமுடியும் என்று எனக்கு விளங்கவில்லை.

பிறகு உம்மாவில் சந்தேகம் வந்தது. கோட்டைப் பார்க்காமல் மூடி நிறையப் போட்டிருப்பார், அல்லது ஒரு கன்றுக்கு இரண்டு தரம் போட்டிருப்பார். கொட்டிலுக்குள் போய் மூட்டையைப் பார்த்தேன். வாயை மடித்துச் சணல் கயிற்றால் கட்டி வைத்திருந்தார். தூக்கிப் பார்த்தேன். பாதி மூட்டை அப்படியே இருந்தது. நான் சொன்ன அளவுக்கு ஒரு பிடிகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது என்னை இன்னும் பயப்படுத்தியது.

திரும்பிப் போய்க் கிட்டப் பார்த்தேன். அடி இலைகள் பச்சையாகத்தான் நின்றன. பசளை கூடி வேர் சுட்டிருந்தால் பயிர் முழுவதும் வாடியிருக்கவேண்டும். இங்கே வாடியிருந்தது உச்சி மட்டும், நடுக் குருத்து மட்டும். அப்படியே நடந்து கிழக்கு வேலிப் பக்கம் முதல் வரிசைக்குப் போனேன்.

முதல் வரிசையில் ஒவ்வொரு கன்றின் உச்சியிலும் ஒரு கட்டு இருந்தது. நீல நிற நைலோன் வலைநூல். இலைகளைக் கூட்டிப் பிடித்து, இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டிருந்தது. வரிசையின் இந்தக் கரை முதல் அந்தக் கரை வரைக்கும் அப்படித்தான். நான் ஒரு முடிச்சை அவிழ்த்து இலையை விரித்தேன். குருத்துக்குள்ளே யூரியா இருந்தது. பனியில் ஊறி, கூழாகி, உள்ளிலையில் அப்பிக்கொண்டிருந்தது. குருத்தைப் பிடித்து இழுத்தேன். கையோடு வந்துவிட்டது.

வாப்பா வேலிக்கு அங்கால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வா, பசளை டொக்டர். உன்ர நோயாளியளுக்குத் தலையில கட்டுப் போட்டுக் கிடக்கு."

அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

உம்மாவும் சாச்சியும் அஸர் தொழுதுவிட்டு வந்தார்கள். உம்மா என் கையில் இருந்த குருத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஏன் உம்மா கட்டினீங்க?"

"நீதானே சொன்னனீ, மேற்கட்டு எண்டு."

"மேல கட்டுறது எண்டுதான் ராத்தா சொன்னா" என்றார் சாச்சி. "நானும் கேட்டனான், என்னத்துக்கு இதுக்குக் கொண்டை எண்டு. ஒரு வரிசை கட்டவே அரைநாள் போச்சுது, நூல்கட்டையும் முடிஞ்சுது. பிறகு ரெண்டுபேரும் யோசிச்சம், மேல மட்டும் போடுவம், கட்டை விடுவம் எண்டு. அதாலயோ பிழைச்சது? கட்டாம விட்டதாலயோ?"

நான் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

உம்மா மெதுவாக விளங்கப்படுத்தினார், நான்தான் ஏதோ தெரியாத பிள்ளை மாதிரி. "அண்டைக்கு அடிக்கட்டு எண்டு அடியில போட்டனீ. நான் பார்த்துக்கொண்டு நிண்டனான். அப்ப மேற்கட்டு எண்டா மேலதானே? நெல்லுக்கும் மேலால எறியினம். கையால எறிஞ்சா அரை மூடி அளவு நிக்குமோ? அதான் ஒவ்வொண்டாக் குருத்துக்குள்ள வச்சன். மீனுக்கு உப்பு வைக்கிறமாதிரி. வெளிய வச்சா ஊறாது, உள்ளுக்க வச்சாத்தான் ஊறும்."

அவருடைய விளக்கத்தில் எனக்கு ஓர் ஓட்டையும் தெரியவில்லை. அடிக்கட்டு அடியில் என்றால் மேற்கட்டு மேலேதான். என்னுடைய ஆசிரியர்கள் யாரும் அந்தச் சொல்லை இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. இருபது வருடமாக உம்மா செய்த வேலை, வெள்ளையாக ஒன்றை எடுத்து ஒரு பிளவுக்குள் வைக்கிறது. நான் அவர் கையில் வெள்ளையாக ஒன்றைக் கொடுத்து, மேலே என்றும் சொல்லியிருக்கிறேன்.

அதோடு நின்றிருந்தால் இது ஒரு சொல்லால் வந்த பிழை. நான் இன்னொரு கேள்வி கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

"எத்தனை நாளாப் போட்டனீங்க?"

"திங்கள், செவ்வாய், புதன். மூண்டு நாள்."

"திங்கள் போட்டது செவ்வாய் வெளுத்திருக்கும். நீங்க காணேல்லையா?"

உம்மா குனிந்து, நான் அவிழ்த்துப் போட்ட நூலை எடுத்துச் சுருட்டினார்.

"கண்டனான்" என்றார்.

"கண்டுமா?"

"செவ்வாய் விடியவே கண்டனான். உப்புப் பட்ட மாதிரிக் கிடந்தது. தங்கச்சியும் சொன்னவள், நிப்பாட்டுவம் ராத்தா எண்டு. புதன் இன்னும் மோசம். ஆனா மகள், நீ அளந்து கோடு போட்டுத் தந்தனீ. படிச்ச பிள்ளை சொன்னது. என்ர கண்ணுக்கு என்ன தெரியும்? வெளுத்துப்போட்டுப் பிறகு கறுத்துக்கொண்டு வருமாக்கும் எண்டு நினைச்சன்."

"ஒரு போன் எடுத்திருக்கலாமே உம்மா."

"நீ கந்தோரில. அதோட, உன்ர கணக்கு பிழை எண்டு நான் உனக்குச் சொல்லுறதே?"

கருகிய பயிரைக் கண்டதைவிட அது எனக்குப் பெரிதாக இருந்தது. உப்பு எதை என்ன செய்யும் என்று இந்தக் கரையில் உம்மாவைவிடத் தெரிந்தவர்கள் குறைவு. ஒரு மீனைத் தூக்கிப் பார்த்தே உப்புக் கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று சொல்லுகிறவர். அவர் தன் பயிர் சாவதைக் கண்ணால் கண்டு, விளங்கி, அதன்பிறகு இரண்டு நாள் குனிந்து, மிச்சக் கன்றுகளுக்கும் ஒவ்வொன்றாக அரை மூடி வைத்திருக்கிறார். நான் சொன்னேன் என்பதற்காக.

அன்றைக்குப் பிறகு நான் பழைய விசயங்களை வேறுவிதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். நான் எழுத்துக்கூட்டத் தொடங்கும் முன்பு உம்மா பஸ்ஸை அதன் நிறத்தையும் டிரைவரின் முகத்தையும் வைத்து ஏறுவார். ஒரு நாளும் பிழைத்ததில்லை. நான் போர்டு வாசிக்கத் தொடங்கியதும், அதே பஸ் வந்து நின்றாலும் என் முகத்தைத்தான் பார்ப்பார். மருந்துக் குளிசையை நிறத்தால் பிரித்து வைத்திருந்தவர், நான் பெட்டியில் உள்ளதை வாசிக்காமல் விழுங்கமாட்டார் என்று ஆனது. அதையெல்லாம் நான் மரியாதை என்று எண்ணிச் சந்தோசப்பட்டிருக்கிறேன். என் ஒவ்வொரு வகுப்புக்கும் உம்மா தனக்குத் தெரிந்தவற்றில் ஒவ்வொன்றாக இறக்கி வைத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது.

அன்று பின்னேரம் எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருக்குப் போன் எடுத்தேன். அவர் என்னைவிட ஒரு வருடம் பின்னால் படித்தவர். நடந்ததைச் சொன்னேன்.

"குருத்துக்குள்ளயா?" என்று கேட்டார். "அக்கா, இப்ப ஒண்டும் கூடப் போட்டிடாதேங்கோ. விடியத் தண்ணி அடிச்சுக் கழுவிவிடுங்கோ. உள்ள இருந்து புது இலை வருதோ எண்டு பாருங்கோ. வராத கன்று வராது."

சனிக்கிழமை முழுவதும் நாங்கள் மூன்று பெண்களும் கழுவினோம். மருந்தடிக்கிற டேங்கை இரவல் வாங்கி, உப்பு இல்லாத கிணற்றில் தண்ணீர் எடுத்து, ஒவ்வொரு குருத்தாக அடித்து, கன்றைச் சரித்துத் தட்டினோம். முதல் வரிசைக் கட்டுகளை நான்தான் அவிழ்த்தேன். வாப்பா கடலுக்குப் போகாமல் தண்ணீர் தூக்கித் தந்தார். "நூலை எறியாத, நல்ல நூல்" என்று மட்டும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மழை வந்து மிச்சத்தைக் கழுவியது. கழுவிய யூரியா மணலோடு கீழே போயிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

இரண்டு கிழமைக்குப் பிறகு உம்மாவும் நானும் வரிசை வரிசையாக நடந்து பார்த்தோம். உயிர் பிடித்த கன்றுகளில் புது இலை கிழிந்தும் முறுகியும் வந்திருந்தது, ஆனால் பச்சையாக வந்திருந்தது. மூன்றில் ஒரு பங்கு செத்துவிட்டது. கிழக்குப் பக்கம்தான் அதிகம், முதல் நாள் போட்ட பக்கம்.

இப்போது திரும்பவும் அதே கேள்வி. கொட்டிலில் அரை மூட்டை இருந்தது. எவ்வளவு போடுவது? முதலில் போட்டதில் எவ்வளவு மண்ணில் நிற்கிறது, எவ்வளவு கரைந்து போனது என்று எந்தக் கையேடும் சொல்லாது. நான் பயந்துபோயிருந்தேன். கால் மூடி என்றேன். அது கணக்கில் வந்த எண் அல்ல. பயத்தில் வந்த எண்.

"நீங்க என்ன நினைக்கிறீங்க உம்மா?"

"நான் என்னத்தக் கண்டன். நீதானே படிச்சனீ."

இவ்வளவும் நடந்த பிறகும் அதைத்தான் சொன்னார். அதே குரலில், அதே நம்பிக்கையோடு.

"அப்ப இப்பிடிச் செய்யுங்கோ. நாலு வரிசைக்கு மட்டும் போடுங்கோ. கன்றில இருந்து நாலு விரல் தள்ளி, மண்ணில கீறி, போட்டு, மூடுங்கோ. மேல இல்ல. கட்டு இல்ல. பிறகு ஒரு கிழமை பாருங்கோ. நான் கேட்கிறது நீங்க கண்டதை. நான் சொன்னதை இல்ல."

"நான் பார்த்து?"

"ஓம். நீங்க பார்த்து."

அந்தக் கிழமை முடிவில் என்னால் ஊருக்கு வர முடியவில்லை. அதற்கடுத்த வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கந்தோரில் என் போன் அடித்தது. உம்மா. கந்தோர் நேரத்தில் அவர் எனக்குப் போன் எடுத்ததே இல்லை. வாப்பா கடலில் என்ற நினைப்பில் நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன்.

"என்ன உம்மா, வாப்பாக்கு என்ன?"

"அவருக்கென்ன, தேத்தண்ணி குடிக்கிறார். மகள், அது காணாது."

"எது?"

"நீ சொன்ன கால் மூடி. காணாது. நாலு வரிசையும் நாளுக்கு ரெண்டுதரம் பார்த்தனான். அடி இலை நுனியில இருந்து நடு நரம்பு வழிய மஞ்சளாப் போகுது. போடாத வரிசையோட வச்சுப் பார்த்தன், ஒரு வித்தியாசமும் இல்ல. சனியும் மழை, திங்களும் மழை. மண்ணில ஒண்டும் நிக்கேல்ல."

நைதரசன் குறைவுக்கு நான் படித்த அடையாளம் அதேதான். அடி இலை, நுனி, நடு நரம்பு வழியே மஞ்சள். நான் அதை அவருக்கு ஒரு நாளும் சொன்னதில்லை.

"சரி உம்மா, நான் வெள்ளிக்கிழமை வந்து..."

"நான் போட்டிட்டன்."

"என்னத்த?"

"முக்கால் மூடி. மண்ணில, நாலு விரல் தள்ளி. உயிரோட நிக்கிற எல்லாத்துக்கும். நேற்றும் முந்தநாளும் தங்கச்சியும் நானும். மூட்டை முடிஞ்சுது."

நான் கதிரையில் திரும்ப இருந்தேன். கேட்காமல், சொல்லாமல், என் எண்ணைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, மூன்று மடங்கு போட்டிருக்கிறார். எனக்குச் சத்தம் போடவேண்டும் போலவும் இருந்தது, அழவேண்டும் போலவும் இருந்தது. எந்தக் காரணத்துக்கு எது என்று தெரியவில்லை.

"கோவமோ?" என்றார்.

"இல்ல."

"கோவமெண்டாலும் போட்டது போட்டதுதான். வை, நீ வேலையப் பார்."

பக்கத்து மேசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "என்ன, முகம் வெளிறிப்போச்சு? வீட்டில ஆருக்கும் சுகமில்லையோ?"

"உம்மா யூரியா போட்டிட்டா" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நானும் விளங்கப்படுத்தவில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். பிறகு போடவில்லை. செத்த கன்றுகள் சாப்பிடாது, மழை கொண்டுபோனதை யாரும் அளக்கவில்லை. அவர் போட்டது சரியா, கூடவா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. பத்து நாளில் இலை கறுத்தது. கதிர் வந்தது. உயிரோடு நின்ற கன்றுகளில் கதிர் நன்றாகவே முற்றியது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு நிலம் வெறுமையாகக் கிடந்தது. லொறிக்கு ஏற்றிய சோளம், உம்மா நினைத்திருந்ததுக்குப் போதவில்லை. இந்த வருடமும் அவர் கிழமைக்கு மூன்று நாள் வாடிக்குப் போகிறார். முந்தி ஆறு நாள் போனார். விரலிடுக்கு நாலு நாளில் காய்ந்து, மூன்று நாளில் வெடிக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம், பஸ்ஸில் நான் சொல்லாமல் மிச்சம்பிடித்த அந்தக் கால் நிமிடம்தான் எனக்கு நினைவு வரும்.

அடுத்த போகத்துக்கு விதை வாங்கி வைத்துவிட்டோம். அளவு இன்னும் முடிவாகவில்லை. நான் கன்றுக்கு இவ்வளவு என்கிறேன். உம்மா மழையைப் பார்த்துத்தான் சொல்லலாம் என்கிறார். போன கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, நாலு வரிசையை ஒன்றும் போடாமல் விடப்போகிறேன் என்றார்.

"ஏன், அந்த நாலும் சும்மா போகுமே?"

"போகட்டும். அது பார்க்கிறதுக்கு. போடாத ஒண்டு பக்கத்தில நிண்டாத்தானே போட்டது என்ன செய்யுது எண்டு தெரியும்."

டிப்ளோமா இரண்டாம் வருடத்தில் அது எங்களுக்கு ஒரு தனிப் பாடம். நான் சோற்றைப் பிசைந்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எந்தப் பக்கம் விடுவம், கிழக்கா மேற்கா?" என்று கேட்டேன்.

"நடுவில" என்றார் உம்மா.